ஸ்குவீஜி: ஜன்னலுக்கும் இருட்டறைக்கும் திரையச்சுக்கும் ஒன்றே போதுமா?

கலைக்கூடம்_தஞ்சை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் சிறிய ஓவியப் பயிற்சிக் கூடம் ஒன்றை நடத்திவரும் ஆசிரியை நான். இந்த ஆண்டு முதல் கறுப்பு வெள்ளைப் படச்சுருளைக் கழுவிப் பிரிண்ட் போடுவதற்கு ஓர் இருட்டறையையும், துணியிலும் தாளிலும் அச்சிடுவதற்கு ஒரு ஸ்க்ரீன் பிரிண்டிங் மேசையையும் சேர்க்கவிருக்கிறோம். கூடத்தின் தெருப்பக்கச் சுவர் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. எங்களுக்குக் கிடைப்பது ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதால், எத்தனை முறை துணியால் துடைத்தாலும் கண்ணாடியில் வெள்ளைப் படலம் தங்கிவிடுகிறது.

வாங்க வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டபோது மூன்று வேலைகளுக்கும் ஸ்குவீஜி, அதாவது திரவத்தை வழிக்கும் பிடி போட்ட பட்டை, தேவை என்று தெரிந்தது. உள்ளூர்க் கடைக்காரர், "எல்லாமே ரப்பர் பட்டைதான், நல்லதாக ஒன்றை வாங்கிக் கழுவிக் கழுவிப் பயன்படுத்துங்கள்" என்கிறார். விலை வேறுபாடும் பெரிதாக இருக்கிறது. மூன்றுக்கும் ஒன்றே போதுமா? போதாது என்றால் அதற்கான காரணம் என்ன? மாணவர்களுக்கும் விளக்க வேண்டியிருப்பதால், வாங்கும் ஆலோசனையோடு காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திரையச்சு_திருப்பூர் எழுதியது:

வணக்கம் அம்மா. எங்கள் பட்டறையில் பனியன் துணிக்கான அச்சு வேலை நடக்கிறது. அச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்ற இரண்டையும் அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

முதலில், அச்சுக்கு வரும் பட்டை இப்போது பெரும்பாலும் ரப்பரே அன்று, அது பாலியூரித்தேன். ஜன்னல் வைப்பர் கண்ணாடியில் இருக்கும் நீரை மிச்சமில்லாமல் வழித்தெடுத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. அச்சு ஸ்குவீஜியோ ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்தாக வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையின் கண்களில் நிறைந்திருக்கும் மையைத் துணியில் இறங்கச் செய்ய வேண்டும்; வலையின் மேல் நிற்கும் மிச்ச மையை வழித்துக்கொண்டு போக வேண்டும்; சற்று உயரத்தில் நிற்கும் வலையை ஒரு கோட்டளவுக்கு மட்டும் துணியைத் தொடவைத்து, தான் கடந்து சென்ற உடனே விலகவும் விட வேண்டும். ஜன்னல் வைப்பரின் மெல்லிய இதழ் இந்த வேலையில் வளைந்து படுத்துவிடும். படுத்த பட்டை மையை வழிக்காமல் அழுத்தித் திணிக்கும். மை ஸ்டென்சிலின், அதாவது படம் இல்லாத இடத்தில் வலையை அடைத்திருக்கும் பூச்சின், ஓரத்தைத் தாண்டிக் கசிந்து எழுத்துகள் தடித்துப்போகும்.

அச்சுப் பட்டையின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் குறிப்பார்கள். 55 முதல் 65 வரை மென்மை, 70 முதல் 75 வரை நடுத்தரம், 80-க்கு மேல் கடினம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மென்மையான பட்டை மையை அதிகமாக இறக்கும். கருந்துணியில் வெள்ளை மை பரப்பும்போது அது உதவும். கடினமான பட்டை மையைக் குறைவாக இறக்கி நுண்ணிய கோடுகளைக் காப்பாற்றும். பயிற்சிக் கூடத்துக்கு 70-75 அளவில், மரப்பிடி போட்ட, சதுர முனை உள்ள பட்டை ஒன்று போதும். துணிக்கு சென்டிமீட்டருக்கு 43 இழை கொண்ட வலையும், தாளுக்கு 77 அல்லது 120 இழை வலையும் வைத்துக்கொண்டால் அந்த ஒரே பட்டை இரண்டிலும் ஓரளவு நன்றாகவே உழைக்கும். நீளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பட்டை படத்தின் அகலத்தைவிட இரு பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அதே நேரத்தில் சட்டத்தின் உட்புறத்தை உரசும் அளவுக்கு நீளமாக இருந்துவிடக் கூடாது. ஓரத்தில் வலை விறைப்பாக இருப்பதால் அங்கே பட்டை சென்றால் அழுத்தம் சீராக இராது.

மாணவர்களுக்கு ஒன்றை அருகிலிருந்து காட்டுங்கள். சரியான சாய்வில், அதாவது மேசைக்கு ஏறத்தாழ 75 பாகையில் பிடித்து இழுத்த பிறகு, படம் திறந்திருக்கும் பகுதியில் வலையின் இழைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அங்கே மை மங்கலான ஆடையாகப் படர்ந்து நின்றால், சாய்வு கூடிவிட்டது அல்லது பட்டையின் முனை மழுங்கிவிட்டது என்று பொருள். புதிதாகக் கற்பவர்கள் அந்த ஆடையைப் பார்த்தவுடன் இன்னும் பலமாக அழுத்துவார்கள். அழுத்தினால் பட்டை மேலும் படுக்கும், ஆடை மேலும் தடிக்கும். முதல் வகுப்பிலேயே இதைத் திருத்திவிடுவது நல்லது, ஏனென்றால் அழுத்திப் பழகிய கையை மாற்றுவது மிகவும் கடினம்.

இருட்டறை_மதுரை எழுதியது:

திருப்பூர் நண்பர் அச்சைப் பற்றிச் சொன்னது மிகவும் தெளிவாக இருக்கிறது. இருட்டறையில் நிலைமை வேறு. இங்கே ஸ்குவீஜி தொடப்போகும் பொருள் கண்ணாடியைப் போலக் கடினமானதும் அன்று, வலையைப் போல விறைப்பானதும் அன்று. நீரில் ஊறிய ஜெலட்டின். படச்சுருளிலும் பிரிண்ட் தாளிலும் வெள்ளி உப்புகளைத் தாங்கி நிற்பது ஜெலட்டின்தான். உலர்ந்திருக்கும்போது அது ஓரளவு உறுதியானது. கழுவி முடித்த நிலையில் ஊதிப் பெருத்து, நகம் பட்டாலே கீறல் விழும் அளவுக்கு இளகியிருக்கும். ஆகவே படச்சுருளையும் பிரிண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

பிரிண்டை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்று பெரும்பாலும் கிடைப்பது ஆர்.சி. தாள், தாளின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் நீர் உள்ளே ஊறாது. ஓடும் நீரில் இரண்டு நிமிடம் கழுவினாலே போதுமானது. கழுவிய பிரிண்டைச் சாய்வாக நிறுத்திய ஒரு கண்ணாடி அல்லது அக்ரிலிக் பலகையில் ஒட்டவைத்து, முன்னும் பின்னும் ஜன்னல் வைப்பரால் மெதுவாக ஒருமுறை வழித்தால் நீர் முழுவதும் இறங்கிவிடும். பிறகு கொடியில் மாட்டினால் கறையில்லாமல் உலரும். ஆக, இந்த வேலைக்கு நல்ல ஜன்னல் வைப்பர் ஒன்று தாராளமாகப் போதும். ஆனால் அது இருட்டறைக்கென்றே தனியாக இருக்க வேண்டும். தெருத்தூசியை வழித்த ரப்பரில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் அது படத்தின் குறுக்கே கோடு இழுத்துவிடும்.

பிளாஸ்டிக் பூச்சு இல்லாத ஃபைபர் தாள் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். பெரிய அளவுத் தாளை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாலே மடிப்பு விழும். அதைப் பலகையில் பரப்பி, மிகவும் மென்மையான ரப்பராலோ உருளையாலோ நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓட்ட வேண்டும். பழைய ஸ்டூடியோக்களில் கிளேசிங் என்று ஒரு வேலை இருந்ததை இங்கே சிலர் பார்த்திருப்பீர்கள். ஈரமான பளபளப்புத் தாளை, குரோமியம் பூசிய கண்ணாடி போன்ற தகட்டில் முகம் கீழாக வைத்து, ரப்பர் உருளையால் அழுத்தி ஓட்டி, சூடாக்குவார்கள். ஜெலட்டின் அந்தத் தகட்டின் பளபளப்பை அப்படியே ஏற்று உலரும்; உலர்ந்ததும் தாள் தானே தகட்டை விட்டுக் கழன்றுவரும். உருளை ஓட்டும்போது காற்றுக்குமிழ் சிக்கிய இடத்தில் மட்டும் பளபளப்பு வராமல் மங்கலான திட்டு விழும். அந்தக் குமிழ்களை வெளியேற்றும் கைப்பழக்கத்துக்கு ஸ்டூடியோக்களில் தனி மதிப்பு இருந்தது. 1970-களில் ஆர்.சி. தாள் பரவத் தொடங்கியதும் கிளேசிங்கின் தேவை குறைந்துகொண்டே வந்தது, ஏனென்றால் அந்தத் தாள் தானாகவே பளபளப்பாக உலர்ந்துவிடும்.

இனி படச்சுருள். இரண்டு ரப்பர் இதழ்களைக் கொண்ட இடுக்கி போன்ற ஸ்குவீஜி ஒன்றைக் கடைகளில் காட்டுவார்கள். அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பிரிண்டில் கீறல் விழுந்தால் இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவில் விழுந்தால் போனது போனதுதான். இடுக்கியில் சிக்கிய ஒரு துகள் 36 படங்களின் மேலும் ஒரே நேர்கோட்டை இழுத்துக்கொண்டே போய்விடும்.

36_கட்டம் எழுதியது:

மதுரை ஐயாவின் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் படச்சுருள் பற்றிய கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. சென்னையில் எங்கள் பகுதிக்கு வரும் நீரில் உப்பு அதிகம். துடைக்காமல் தொங்கவிட்டால் ஒவ்வொரு துளியும் உலர்ந்து, சுண்ணாம்பு வட்டமாக நெகட்டிவில் படிந்துவிடுகிறது. வானம் போன்ற சமமான பரப்பில் அந்த வட்டம் பிரிண்டிலும் ஸ்கேனிலும் அப்பட்டமாகத் தெரிகிறது. ரப்பர் இதழ்களை ஒவ்வொரு முறையும் கழுவி, நனைத்த பிறகு, மெதுவாக ஒரே இழுப்பில் வழித்தால் கீறல் விழுவதில்லை. கருவியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாதவரின் கவனக் குறைவைக் கருவியின் குறையாகக் காட்டுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். பலர் இரண்டு விரல்களால் வழிக்கிறார்கள். விரலில் காய்ப்பு இருந்தால் அதுவும் கீறத்தானே செய்யும்?

இருட்டறை_மதுரை எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. விரலைப் பற்றிச் சொன்னதும் சரி. நான் விரலையும் பரிந்துரைக்கவில்லை. துளிக் கறைக்குக் காரணம் துடைக்காமல் விட்டது அன்று, கடைசியாகப் படச்சுருளின் மேல் நின்ற நீரில் உப்பு இருந்தது. அந்த நீரையே மாற்றிவிட்டால் துடைக்க வேண்டிய தேவையே இராது.

குழாய் நீரில் கழுவி முடித்த பிறகு, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஐந்து மில்லி வெட்டிங் ஏஜென்ட் கலந்து, படச்சுருளை அதில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, அப்படியே தூக்கித் தொங்கவிடுங்கள். கோடாக்கின் ஃபோட்டோ-ஃப்ளோவும் இல்ஃபோர்டின் இல்ஃபோட்டாலும் ஏறத்தாழ இந்த விகிதத்துக்குத்தான் செய்யப்பட்டவை. அந்தக் கரைசல் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் நீர் துளித்துளியாக நிற்காமல், மெல்லிய படலமாகக் கீழ்நோக்கி வழிந்துவிடும். படச்சுருளைச் சற்றுச் சாய்வாக மாட்டினால் நீர் ஒரு விளிம்பில் சேர்ந்து துளைகளின் வழியே இறங்கும். அளவு கூடினால் பிசுபிசுப்பான கறை வரும் என்பதால் கண்ணளவில் ஊற்றாமல் அளந்தே ஊற்றுங்கள்.

கவனத்தோடு செய்தால் கீறாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே கேட்டிருப்பவர் மாணவர்களுக்குக் கற்பிப்பவர். பலர் மாறிமாறிக் கையாளும் இருட்டறையில் ஒவ்வொருவருடைய கவனத்தையும் நம்பி நெகட்டிவை ஒப்படைக்க முடியாது.

36_கட்டம் எழுதியது:

வகுப்பறைக்கு இதுவே சரி என்பதை ஏற்கிறேன், ஐயா. காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத வெளியூர்ப் பயணத்தில் நான் என் இடுக்கியைத்தான் நம்புவேன்.

கண்ணாடிவேலை_சென்னை எழுதியது:

அம்மாவின் கேள்வியில் கண்ணாடிச் சுவர் ஒன்று இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அலுவலகக் கட்டடங்களில் கண்ணாடி துடைக்கும் குழுவை மேற்பார்வை செய்யும் பணியில் இருக்கிறேன். இந்த வேலையைப் பலர் எளிதாக நினைத்துவிடுகிறார்கள். இதற்குள் இருக்கும் நுட்பத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நீங்கள் சொல்லும் வெள்ளைப் படலம் வருவதற்குக் காரணம், துணி நீரை எடுப்பதைவிட அதிகமாகப் பரப்புகிறது. பரப்பிய நீர் உலர்கிறது, அதிலிருந்த உப்பு கண்ணாடியிலேயே தங்கிவிடுகிறது. வைப்பர் நீரை நீராகவே அகற்றிவிடுவதால் உப்பும் அதோடு போய்விடும். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரை வைத்துக்கொண்டே உங்கள் கண்ணாடியைத் தெளிவாக வைத்திருக்க முடியும். ஏற்கெனவே படிந்து இறுகிவிட்ட படலத்தை மட்டும் முதலில் நீர்த்த வினிகரால் இளக்கிக் கழுவிவிட வேண்டும். கீழே பளிங்குக்கல் இருந்தால் அதில் வினிகர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கல்லை அரிக்கும்.

இன்று நாங்கள் பிடிக்கும் கருவிக்கு வடிவம் கொடுத்தவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகருக்குக் குடியேறி, கண்ணாடி துடைக்கும் தொழிலைச் செய்துவந்தவர். அதற்கு முன் புழக்கத்தில் இருந்த சிகாகோ வகைக் கருவி எஃகால் ஆனது, கனமானது; இரட்டை ரப்பரைப் பிடித்துவைக்க அதில் வரிசையாகத் திருகாணிகள் இருந்தன, ரப்பரை மாற்றுவதற்கு அவற்றையெல்லாம் கழற்ற வேண்டியிருந்தது. ஸ்டெக்கோனே பித்தளையில் இலேசான பிடியும், ஒற்றை ரப்பர் இதழும் கொண்ட கருவியைச் செய்து 1936-இல் காப்புரிமை பெற்றார். தொழிலாளி ஒருவர் தன் கை வலியைத் தானே தீர்த்துக்கொண்ட கருவி அது. இன்றுவரை அடிப்படை வடிவம் மாறவில்லை என்பதை எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் பெருமையோடு சொல்வதுண்டு.

செய்முறை இதுதான். ஒரு வாளி நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகள் போதும். அது அழுக்கை இளக்குவதோடு ரப்பர் வழுக்கி ஓடவும் உதவுகிறது. நுரை பொங்கும் அளவுக்கு ஊற்றினால் அதுவே கோடாக நிற்கும். கண்ணாடியை நன்றாக நனைத்துத் தேய்த்த பிறகு, மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, அந்த உலர்ந்த இடத்தில் ரப்பரை வைத்து இழுக்கத் தொடங்குங்கள். ஈரமான இடத்தில் தொடங்கினால், இழுக்கும் வழியெல்லாம் மேலிருந்து நீர் ஒழுகும். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் ஓரத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மூடிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ரப்பரைத் துணியில் ஒற்றிக்கொள்ளுங்கள். வெயில் நேரடியாக விழும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. சூடான கண்ணாடியில், ரப்பர் வந்து சேர்வதற்குள் நீர் உலர்ந்துவிடும். காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

ரப்பரின் முனை சதுரமாக, கூராக இருக்க வேண்டும். பட்டையை விரலிடையே பிடித்து நீளவாக்கில் மெல்ல ஓட்டிப் பார்த்தால் சிறு வெட்டும் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த வெட்டு இருக்கும் இடத்தில்தான் கண்ணாடியில் நீர்க்கோடு நிற்கும். ஒரு பக்க முனை தேய்ந்தால் பட்டையைத் திருப்பிப் போடலாம். இரண்டும் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். பிடி பல ஆண்டுகள் உழைக்கும், ரப்பர் உழைக்காது. பிடியில் மிச்சம் பிடித்துவிட்டு விலை உயர்ந்த ரப்பரை வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை. தொழிலுக்கு வரும் ரப்பர் மென்மை, கடினம் என்று இரு வகையாகக் கிடைக்கும். நம் ஊர் வெப்பத்தில் மென்மையான ரப்பர் மேலும் இளகிவிடுவதால் கடின வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பாலிமர்_நாகர்கோவில் எழுதியது:

கடைக்காரரின் "எல்லாமே ரப்பர் பட்டைதான்" என்ற சொல்லுக்கு வேதியியல் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பைச் சேர்க்க விரும்புகிறேன்.

கண்ணாடி வைப்பரின் நல்ல பட்டைகள் பெரும்பாலும் இயற்கை ரப்பரால் ஆனவை. இயற்கை ரப்பர் நெகிழ்ந்து, விட்டதும் உடனே பழைய நிலைக்குத் திரும்பும். கண்ணாடியின் மேல் விடாமல் படிந்து செல்வதற்கு அந்தக் குணம்தான் காரணம். ஆனால் அதன் மூலக்கூறு நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலி. ஆகவே மண்ணெண்ணெய், டர்பென்டைன், கனிம எண்ணெய் போன்ற தன் இனத்துத் திரவங்களை உறிஞ்சி ஊதிவிடும். அச்சில் பயன்படும் பிளாஸ்டிசால் மையில் பி.வி.சி. துகள்கள் எண்ணெய் போன்ற மென்மையூட்டியில் மிதக்கின்றன. அந்த மென்மையூட்டியும், திரையைக் கழுவும் கரைப்பானும் இயற்கை ரப்பரின் முனையை முதலில் மென்மையாக்கும், பிறகு அலையலையாக நெளியச் செய்யும். அப்படி நெளிந்த பட்டை கண்ணாடிக்கும் உதவாது. ஒரே பட்டையைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்துவது நடக்காது என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

பாலியூரித்தேன் எண்ணெய்களையும் பல கரைப்பான்களையும் மேலாகத் தாங்கும், உராய்வில் தேய்வதும் குறைவு. எனினும் அதுவும் முற்றிலும் உறிஞ்சாத பொருள் அன்று. நாள் முழுவதும் கரைப்பான் மையில் உழைத்த பட்டை சற்று ஊதி, கடினம் குறைந்திருக்கும். ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் ஆவியாகிப் பழைய நிலைக்கு வரும். பட்டையைக் கரைப்பானில் ஊறப்போடாமல், நனைத்த துணியால் துடைத்து வைப்பதே முறை.

இயற்கை ரப்பருக்கு இன்னொரு பகை வெயிலும் ஓசோனும். வளைந்த நிலையில் வெயிலில் வைத்த பட்டையில், வளைவின் வெளிப்பக்கத்தில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். வைப்பரை ரப்பர் தரையில் படும்படி சாய்த்து வைப்பதை இதனால்தான் தவிர்க்க வேண்டும்.

பேஸ்ட்_ஒரகடம் எழுதியது:

சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டின் மேல் சால்டர் பேஸ்ட் (பாகங்களைப் பற்றவைக்கும் உலோகப் பசை) அச்சிடும் இயந்திரத்தில் பணிபுரிகிறேன். இங்கேயும் ஸ்குவீஜிதான், ஆனால் பட்டை எஃகுத் தகடு. வலைக்குப் பதிலாக 0.1 முதல் 0.15 மி.மீ. தடிமனுள்ள துருவேறா எஃகு ஸ்டென்சில் இருக்கிறது. அதில் லேசரால் வெட்டிய துளைகளில் பேஸ்ட் நிறைந்து போர்டில் இறங்க வேண்டும். பாலியூரித்தேன் பட்டையைப் போட்டால், அகலமான துளைகளில் அதன் முனை உள்ளே இறங்கிப் பேஸ்ட்டைத் தோண்டி எடுத்துவிடும். சால்டர் குறைந்த இணைப்பு உருவாகும். எஃகுத் தகடு துளைக்குள் இறங்காது, ஸ்டென்சிலின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு பேஸ்ட் நிற்கும். சாய்வு பெரும்பாலும் 60 பாகை. பேஸ்ட் பட்டையின் முன்னால் சறுக்கிச் செல்லாமல் உருண்டு செல்கிறதா என்பதைத்தான் இயக்குபவர் முதலில் கவனிப்பார். உருளாவிட்டால் துளைகள் நிறையாது.

மென்மையான ரப்பரில் தொடங்கி எஃகு வரை பட்டை மாறிக்கொண்டே போவது, எதிரே இருக்கும் பரப்பு எதைத் தாங்கும், எவ்வளவு திரவம் மிஞ்ச வேண்டும் என்ற இரண்டையும் பொறுத்தது. மாணவர்களுக்கு இந்த வரிசையைக் காட்டினால் எளிதில் பிடிபடும் என்று தோன்றுகிறது.

வண்ணத்தூரிகை எழுதியது:

திருப்பூர் அண்ணாவிடம் ஒரு கேள்வி. வீட்டில் தாளில் புகைப்படங்களைப் புள்ளிகளாக மாற்றி, 120 இழை வலையில் அச்சிட்டு வருகிறேன். முகம் போன்ற சாம்பல் நிறப் பகுதிகளில், இழுத்த திசையிலேயே மெல்லிய கருங்கோடு ஒன்று எல்லாத் தாள்களிலும் ஒரே இடத்தில் விழுகிறது. மையை மாற்றியும் போகவில்லை. வலையில் குறை இருக்குமோ என்று வேறு சட்டத்திலும் முயன்றேன். அங்கேயும் அதே கோடு. பட்டை நடுத்தரக் கடினம் கொண்டது, நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது.

திரையச்சு_திருப்பூர் எழுதியது:

தங்கை, சட்டத்தை மாற்றியும் கோடு தொடர்கிறது என்றால் குறை பட்டையில்தான். பட்டையின் முனையில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அந்த இடத்தில் மை வழிக்கப்படாமல் ஒரு கோடாக வலையின் மேல் தங்கி, தாளில் கூடுதலாக இறங்குகிறது. சென்னை நண்பர் கண்ணாடி ரப்பருக்குச் சொன்ன அதே சோதனையை இங்கேயும் செய்யுங்கள். பட்டையை ஒரு சமமான கண்ணாடியின் மேல் நிறுத்தி, பின்பக்கம் விளக்கை வைத்துப் பார்த்தால் வெட்டு இருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும். அதைச் சரிசெய்ய, நீளமான உப்புத்தாளைத் தட்டையான பலகையில் ஒட்டி, பட்டையைச் செங்குத்தாகப் பிடித்து நீளவாக்கில் சீராகத் தேய்க்க வேண்டும். கை ஆடினால் முனை வளைந்துவிடும். இருபுறமும் மரக்கட்டையைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். முனை மீண்டும் சதுரமானதும் கோடு மறைந்துவிடும்.

புள்ளிப் படத்துக்கு 80 கடினமுள்ள பட்டை இன்னும் பொருத்தமானது. எனினும் பட்டையை மாற்றுவதற்கு முன் புள்ளி வரிசையை, அதாவது ஒரு சென்டிமீட்டரில் எத்தனை வரிசைப் புள்ளிகள் என்பதை, சரிபாருங்கள். வலையின் இழை எண்ணிக்கை, புள்ளி வரிசையைப் போல் நான்கைந்து மடங்காவது இருக்க வேண்டும். 120 இழை வலையில் சென்டிமீட்டருக்கு 24 வரிசைக்கு மேல் போனால், எவ்வளவு நல்ல பட்டையாக இருந்தாலும் சிறு புள்ளிகள் இழைகளின் மேல் விழுந்து காணாமல் போகும்.

1962-இல் ஆண்டி வார்ஹால் புகைப்படங்களைத் திரையில் ஏற்றி ஓவியத் துணியில் அச்சிடத் தொடங்கியபோது, மை கூடியும் குறைந்தும் விழுந்த தடங்களை அகற்றாமல் விட்டுவைத்தார். அவருடைய மர்லின் மன்றோ படங்களில் அதைப் பார்க்கலாம். ஒரு கலைஞராக அப்படி விட்டுவைக்க உங்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் விரும்பி விடுவதற்கு முன், அதை நீக்கவும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கலைக்கூடம்_தஞ்சை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டியலை மாற்றிவிட்டேன். கண்ணாடிக்குக் கடின ரப்பர் போட்ட வைப்பர் ஒன்று, ஆர்.சி. பிரிண்டுக்கு அதே வகையில் சிறியதாகத் தனி வைப்பர் ஒன்று, அச்சுக்கு 70-75 கடினத்தில் மரப்பிடிப் பட்டை இரண்டு. படச்சுருள் இடுக்கியை நீக்கிவிட்டு வெட்டிங் ஏஜென்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சேர்த்துவிட்டேன். பிடிகளில் வெவ்வேறு நிற நாடா சுற்றி, இருட்டறையிலிருந்து அந்தச் சிறிய வைப்பர் வெளியே போகாதபடி ஆணியில் மாட்டிவைக்கப் போகிறோம்.

இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கின்றன. அடுத்த ஆண்டு கார்பன் பிரிண்ட் முறையைச் செய்துகாட்ட ஆசை. அதற்கும் ஸ்குவீஜி வேண்டும் என்று கேள்விப்பட்டேன். இன்னொன்று, திரை கழுவும் அறையின் தரையில் எப்போதும் நீர் தேங்கி நிற்கிறது.

இருட்டறை_மதுரை எழுதியது:

கார்பன் பிரிண்டில் ஸ்குவீஜிக்குக் கிடைக்கும் பொறுப்பு வேறெந்தப் புகைப்பட முறையிலும் கிடைப்பதில்லை, அம்மா. ஜோசப் ஸ்வான் 1864-இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் அடிப்படை. நிறமி கலந்த ஜெலட்டின் பூசிய தாளை ஒளியுணர்வுள்ளதாக்கி, நெகட்டிவின் கீழ் வைத்து ஒளி காட்டுவார்கள். ஒளி பட்ட அளவுக்கு ஜெலட்டின் இறுகும். பிறகு அதையும், படத்தை ஏற்கப்போகும் தாளையும் குளிர்ந்த நீருக்குள் முகத்தோடு முகம் சேர்த்து, பலகையில் எடுத்துவைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஸ்குவீஜியால் உறுதியாக வழிக்க வேண்டும். இடையில் காற்றோ மிகை நீரோ தங்கினால், வெந்நீரில் பிரிக்கும்போது அந்த இடத்தில் படம் ஒட்டாமல் கழன்றுபோகும். இங்கே அழுத்தம் தேவை. ஆனால் ஸ்குவீஜி தொடுவது தாளின் முதுகை, படத்தையன்று. சிறிது நேரம் எடைக்குக் கீழ் வைத்து, ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெந்நீரில் இட்டால் இறுகாத ஜெலட்டின் கரைந்து படம் வெளிப்படும்.

தாளை ஒளியுணர்வுள்ளதாக்க மரபாகப் பயன்படும் டைக்ரோமேட் உப்பு நச்சுத்தன்மையுள்ளது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மாணவர்கள் கையாளும் இடத்தில் அதை வைக்கவே வேண்டாம். டைக்ரோமேட் இல்லாத மாற்று ஒளியுணர்விகள் இப்போது பயன்பாட்டில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டே தொடங்குங்கள்.

கண்ணாடிவேலை_சென்னை எழுதியது:

தரைக்குக் கண்ணாடி வைப்பர் உதவாது, அம்மா. கூரான ஒற்றை முனை சிமென்ட் தரையில் சீக்கிரமே கிழிந்துவிடும். தரைக்கென்று இரட்டை அடுக்கு நுரை ரப்பர் போட்ட அகலமான வைப்பர் கிடைக்கும். ஓடு பதித்த தரையின் இணைப்புப் பள்ளங்களிலும் அந்த நுரை அமுங்கி இறங்கி நீரை இழுத்துவரும். நேரான வைப்பரில் நீர் இரு ஓரங்களிலும் வழிந்து தப்பும். தேங்கும் நீர் அதிகமாக இருந்தால் இரு முனையும் முன்னோக்கி வளைந்த வகையை வாங்குங்கள், அது நீரை நடுவிலேயே சேர்த்துத் தள்ளும். திரை கழுவும் நீரில் மையும் எமல்ஷனும் (ஸ்டென்சில் செய்யத் திரையில் பூசும் பூச்சு) கலந்திருக்கும் என்பதால், வடிகாலுக்குத் தள்ளுவதற்கு முன் அந்த வாயிலில் ஒரு வடிதுணியைக் கட்டிவிடுங்கள். தரையிலேயே எப்போதும் நீர் நிற்கிறது என்றால், கொத்தனாரை அழைத்து வடிகாலை நோக்கிய சரிவையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.